ஆறு ஓட்டைக் கோட்டு

போன மாதம் லாஸ்பேட்டையில் ஒரு வீட்டுக்கு என் மகனுக்குப் பெண் பார்க்கப் போனேன். போன இடத்தில் அவர்கள் வீட்டு நாற்காலி மேல் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த பெண்ணின் அப்பா அம்மா கல்யாணப் படத்தைக் கழற்றி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பெண்ணின் அப்பாவிடம், "இந்தக் கோட்டு உங்களுதா சார்? நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க" என்று கேட்டேன்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. சர்க்கரை உண்டு, ரத்தக் கொதிப்பு உண்டு, நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவள் என்று ஊரில் கொஞ்சம் பெயரும் உண்டு. அன்று யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் கேசரியைப் பாதி வாயிலும் பாதி கையிலும் வைத்துக்கொண்டு, இவள் யாரென்றே தெரியாது என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். யாரோ காபி கொண்டுவந்து நீட்டினார்கள். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக் குடித்தேன்.

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களுக்குக் கோட்டு என்றால் கடையில் வாடகைக்குக் கிடைக்கிற பொருள். எங்கள் காலத்தில், ரெட்டியார்பாளையத்தில் நாங்கள் இருந்த தெரு முழுவதற்கும் ஒரே ஒரு கோட்டுதான் இருந்தது. அது என் பெரியப்பாவுடையது.

பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பாண்டிச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். இருபது வயதில் கப்பலேறி, சைகோன் பக்கம் ஒரு சண்டை, அல்ஜீரியாவில் ஒரு சண்டை என்று இரண்டு பார்த்தவர். "ரெண்டுலயும் நாங்கதான் தோத்தோம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். திரும்பி வந்தபோது வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். மற்ற மூன்றும் எங்கே என்று கேட்டால், குழந்தைகளுக்கு முதலைக் கதை சொல்வார். பெண்களுக்குக் கப்பல் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டதாகச் சொல்வார். மாதா கோயில் சாமியாருக்கு மட்டும், "போன எடத்துல வச்சுட்டு வந்துட்டேன் சாமி" என்றாராம்.

அவர் கடல் தாண்டி இருந்தபோதே தாத்தாவும் ஆயாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பத்து வயதுத் தம்பியும், அவர் முகமே பார்த்திராத கைக்குழந்தைத் தங்கையும்தான் மிச்சம். தம்பி என் அப்பா. தங்கை என் அத்தை. அந்த இரண்டு பேருக்கும் சோறு, துணி, பள்ளிக்கூடம் எல்லாம் ஏதோ ஒரு நாட்டுச் சேற்றில் நின்றுகொண்டிருந்த ஒருவரிடமிருந்துதான் வந்தது. ஊருக்கு வந்த பிறகும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ரெண்டு புள்ளைங்கள வளத்துட்டேன், இன்னும் இன்னா?" என்பார்.

அவர் கொண்டுவந்தவை ஒரு தெர்மாஸ் குடுவை, கொக்குப் படம் போட்ட அரக்குப் பெட்டி, ஒரு விசில், ஒரு கோட்டு. குடுவை என் கையால் உடைந்தது. பெட்டி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. விசில் தெருக் குழாய்க்கு. காலை ஐந்துக்கும் மத்தியானம் பன்னிரண்டுக்கும் தண்ணீர் வரும்போது முன்னிருந்த குடத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அடித்துக்கொள்கிற தெரு அது. பெரியப்பா விசிலோடு வந்து நிற்க ஆரம்பித்ததும் குடங்களுக்குப் பட்டாள ஒழுங்கு வந்துவிட்டது. பிள்ளைத்தாச்சிகள் முதலில், வயசானவர்கள் அடுத்து, வாய் நீளமானவர்கள் கடைசி.

கோட்டு இருக்கிறதே, அதுதான் விஷயம். கருநீலக் கம்பளிக் கோட்டு. ஊருக்குக் கப்பலேறும் முன்பு பிரான்சில் மர்செய் துறைமுகத்தில் தைத்தது. பீரோவைத் திறந்தால் நாப்தலின் உருண்டையும் ஓதெகோலோன் சென்டும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது நாப்தலின் வாசனை வந்தால் நான் நிமிர்ந்து நிற்பேன். கழிப்பறைகளில்தான் அதிகம் வருகிறது என்பது வேறு விஷயம்.

அந்தக் கோட்டுக்கு மூன்று வேலை. முதல் வேலை, ஆபீஸ். "சொல்தா ஐயா, கோட்டு போட்டுகினு கொஞ்சம் வாங்களேன்" என்று தெருவில் யாராவது வந்து நிற்பார்கள். ரேஷன் அட்டை, பிறப்புச் சான்று, ஆஸ்பத்திரியில் படுக்கை, எதுவாக இருந்தாலும் சரி. பெரியப்பா சித்திரை வெயிலிலும் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் மேசை முன் நிமிர்ந்து நிற்பார். அதிகம் பேச மாட்டார். கோட்டுப் போட்ட ஆளை நிற்க வைத்துவிட்டு எந்த குமாஸ்தாவாலும் டீ குடிக்க முடியாது. எங்கள் தெருக் குழாயே அவர் அப்படி ஆறு மாதம் திங்கட்கிழமை தவறாமல் போய் நின்று வாங்கிய குழாய்தான்.

இரண்டாவது வேலை, மாப்பிள்ளை. எங்கள் தெருவில் எந்தப் பையனுக்குக் கல்யாணம் என்றாலும் கோயிலுக்குப் போவது பெரியப்பாவின் கோட்டில்தான். அவர் ஆறடி. எங்கள் தெருப் பையன்கள் பெரும்பாலும் ஐந்தரையைத் தொடாதவர்கள். அதனால் அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களில் பாதி மாப்பிள்ளைகளுக்கு விரல்களே தெரியாது. பெரியப்பாவுக்காவது இரண்டு உண்டு. மூன்றாம் நாள் கோட்டு திரும்பி வரும், கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும் வரும். அதற்கு யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் தவறியதும் இல்லை.

மூன்றாவது வேலை வருஷத்தில் ஒரே ஒரு நாள். ஜூலை பதினாலு. பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். பழைய சொல்தாக்கள் எல்லோரும் கோட்டு மாட்டி, நெஞ்சில் மெதாய் குத்தி, கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் வரிசையாக நிற்பார்கள். மெதாய் என்றால் பதக்கம். பெரியப்பாவுக்கு மூன்று. இரண்டு விரலால் ஊசி குத்த முடியாது என்பதால் ஆறு வயதிலிருந்து அது என் வேலை.

ஒவ்வொரு மெதாய்க்கும் ஊசி உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. ஆக ஆறு ஓட்டை. வருஷா வருஷம் அதே ஓட்டையில் குத்தியதில் துணி பிரிய ஆரம்பித்தது. அம்மா கறுப்புப் பட்டு நூலால் ஒவ்வொன்றையும் சுற்றிக் காஜா எடுத்துவிட்டாள். கடைசி இரண்டும் மற்றவற்றைவிட ஒரு விரல் கீழே இருக்கும். முதல் வருஷம் நான் கோணலாகக் குத்தியது. அம்மா தலையில் குட்ட வந்தபோது பெரியப்பா தடுத்தார். "இருக்கட்டும் வுடு. அது அவ எடம்" என்றார். அதன் பிறகு அந்த மெதாய் அங்கேதான்.

அந்தப் பட்டு நூல் ஸ்டூடியோ வெளிச்சத்தில் மின்னும். எங்கள் தெரு மாப்பிள்ளைகள் எல்லோருடைய இடது நெஞ்சிலும் ஆறு வெள்ளைப் புள்ளி இருக்கும், கடைசி இரண்டு கோணலாக. லாஸ்பேட்டையில் நாற்காலி மேல் ஏறியது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

எனக்குப் பத்து வயதான வருஷம் அத்தைக்குக் கல்யாணம் அமைந்தது. அத்தைக்கு முப்பத்திரண்டு. அந்த வயதில் வரன் வந்தால், வந்தவர்கள் கேட்பதற்கெல்லாம் தலையாட்டுவதுதான் அன்றைய வழக்கம். மாப்பிள்ளை முத்தியால்பேட்டை, குமாஸ்தா வேலை, குட்டை, நல்ல பருமன், நல்ல மனுஷன். அவருடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் அழுத்திக் கேட்டார்: "மாப்ளைக்குக் கோட்டு மட்டும் நல்ல சீமைத் துணியில தச்சுடுங்க."

அப்பா தைக்கவில்லை. பாண்டு வாத்தியம், பந்தல், பிரியாணி என்று எல்லாம் வெளியே தெரிகிற மாதிரி செய்தார். ஜூன் மாதக் கடைசியில் சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது, பெரியப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பீரோவிலிருந்து கருநீலக் கோட்டை எடுத்துவந்து விரித்தார். "அசல் மர்செய் துணி. மாப்ளைக்குத்தான். வச்சுக்குங்க" என்றார். பெரியப்பாவிடம் அப்பா சொல்லியிருந்தது, "கல்யாணத்தன்னிக்கு மட்டும் கோட்டு வேணும்ண்ணா." பெரியப்பா, "இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்கு? என் தங்கச்சி புருஷன் போடாம வேற யாரு போடுவான்?" என்றிருந்தார். ஒரே கோட்டு. அண்ணனிடம் இரவல், சம்பந்தியிடம் சீர்.

இரண்டையும் கேட்ட ஆள் நான் ஒருத்திதான். "அப்பா, பெரியப்பாகிட்ட" என்று ஆரம்பித்தேன். அப்பா என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துப்போனார்.

"வாயத் தொறந்தேன்னு வை, அத்தைக்குப் பின்னால பூக்கூட தூக்க வேற பொண்ணு வந்துடும். கவுனு அவளுக்குப் போயிடும். புரியுதா?"

அந்த கவுனை நான் சொல்லியாக வேண்டும். இளஞ்சிவப்பு. கீழே நான்கு அடுக்குச் சுருக்கு. இடுப்பில் பெல்ட், பின்னால் பட்டாம்பூச்சி மாதிரி கட்டுகிற 'போ' முடிச்சு. கையில் சில்க் பூ. தைத்து ஆணியில் மாட்டியிருந்தது. தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையைக் கழுவிவிட்டு அதைத் தொட்டுப் பார்ப்பேன். எனக்குப் புரிந்துவிட்டது.

ஜூலை முதல் வாரம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கோட்டுக்குள் நடந்தார், கோட்டு அவரைச் சுற்றி நடந்தது. பொத்தான் வயிற்றில் எட்டவில்லை. பெரியப்பா வேட்டி சட்டையில் பந்தி விசாரித்தார். நான் பூக்கூடை தூக்கினேன்.

மூன்றாம் நாள் கோட்டு வரவில்லை. வாழைப்பழமும் வரவில்லை. பெரியப்பா கேட்கவில்லை. தங்கை போன வீட்டில் போய் ஒன்றைத் திருப்பிக் கேட்பது அவருக்கு அழகாகப் படவில்லை. ஆனால் அந்த வருஷம் கோட்டு அவசியம் வேண்டும். இத்தனை வருஷமும் சொல்தா சங்கத்தின் கொடியைத் தூக்கியவருக்குக் கண்புரை. யார் தூக்குவது என்று சங்கம் கூடிப் பேசி, பெரியப்பாவைச் சொல்லியிருந்தது. வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன், கிணற்றடியில் யாரும் இல்லாத நேரத்தில் துணி உலர்த்தும் மூங்கில் கழியைத் தூக்கிப் பிடித்து நடந்து பழகுவதை நான் பார்த்தேன். மூன்று விரல் இல்லாத கையில் கழி வழுக்கியது. மணிக்கட்டில் முட்டுக்கொடுத்து மறுபடி தூக்கினார். என்னைப் பார்த்ததும், "கொடி கனமா இருக்குமில்ல" என்று சொல்லிவிட்டு வேட்டியைக் காயப்போட்டார்.

பன்னிரண்டாம் தேதி அப்பாவிடம் கேட்டேவிட்டார்.

"தம்பி, கோட்டு?"

"வந்துடும்ண்ணா. நானே போயி வாங்கியாரேன்."

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் வரை அப்பாவுக்கு ஆபீசில் வேலை இருந்தது. பெரியப்பா சைக்கிளை எடுத்தார். என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு மிதித்தார்.

"வாங்க வாங்க, சொல்தா ஐயா! இன்னா திடீர்னு?" என்றார் சம்பந்தியம்மா.

"இப்படி வந்தேம்மா. தங்கச்சியப் பாத்துட்டுப் போலாம்னு."

அத்தை உள்ளேயிருந்து கலர் சோடா எடுத்துவந்தாள். கழுத்தில் புதுத் தாலி, முகத்தில் பத்து நாள் சந்தோஷம். அவள் கொடுத்த கலரைப் பெரியப்பா இன்னும் வாயில் வைக்கவில்லை, அதற்குள் அறைக்கதவு திறந்து மாப்பிள்ளை மாமா வந்தார். கோட்டோடு வந்தார்.

"மச்சான்! சமயத்துல வந்தீங்க. பாருங்க, நேத்துதான் டைலர் குடுத்தாரு. இப்பதான் எனக்குன்னு தச்ச மாதிரி இருக்கு."

கையில் மூன்று விரற்கடை வெட்டியிருந்தது. கீழே ஒரு சாண் போயிருந்தது. இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, வேறு நீலத்தில் ஒரு பட்டை வைத்து அகலப்படுத்தியிருந்தார்கள். நான் இடது நெஞ்சைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை.

"துணி என்னமோ உசத்திதான் ஐயா" என்றார் சம்பந்தியம்மா. "நெஞ்சுலதான் பூச்சி அரிச்சிருந்துது. ஆறு ஓட்ட. அதையெல்லாம் இழையோட்டி அடைக்கச் சொல்லிட்டேன். இப்பத் தெரியுதா பாருங்க?"

"தெரியல" என்றார் பெரியப்பா.

"இன்னா அப்படியே பாக்கறீங்க? வெட்டிட்டாங்களேன்னா? சம்பந்தி சீர்ல குடுத்தது, எங்க இஷ்டந்தானே?"

சீர் என்ற சொல் அப்போதுதான் அவர் காதில் முதல்முறையாக விழுந்தது. அத்தைக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அண்ணனின் கோட்டு எது என்று அவளுக்குத் தெரியாதா? புதிதாகத் தைப்பதற்கு நேரமில்லாமல் அண்ணன் மனமுவந்து கொடுத்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். அவள் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவையே பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். "அது என்னுதும்மா, இரவல் குடுத்தது" என்று சொன்னால், இரவல் கோட்டைச் சீர் என்று கொடுத்த வீட்டுப் பெண் என்று அந்த வீட்டில் அவளை ஆயுசுக்கும் சொல்லியிருப்பார்கள்.

"உங்க இஷ்டந்தாம்மா" என்றார் பெரியப்பா. "நான் வந்ததே அதுக்குத்தான். மாப்ளைக்குச் செரியா இருக்குதான்னு பாக்கலாம்னு."

எழுந்துபோய் அந்த இரண்டு விரலால் மாமாவின் தோள்பட்டையை இழுத்துச் சரி செய்தார். பின்பக்கம் ஒட்டியிருந்த நூலை எடுத்துக் கீழே போட்டார்.

"நாளைக்கு பீச்சுல நீங்க கொடி தூக்கறீங்களாமே மச்சான்? நானும் வரேன். புதுக் கோட்டு போட்டுகினு!" என்றார் மாமா.

"வாங்க மாப்ள" என்றார் பெரியப்பா.

திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் குனிந்து மிதித்தார். ஒரு மேட்டில் இறங்கித் தள்ளும்போது கேட்டார்.

"உங்கப்பனுக்குத் தெரிஞ்சுதான் இது?"

"ம்."

"உனக்கு?"

நான் சைக்கிள் சீட்டின் கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. கெட்டியாப் புடிச்சுக்கோ" என்று ஏறி மிதித்தார்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டையைக் கரிப்பெட்டி போட்டுத் தேய்த்தார். நான் மெதாய்களைக் குத்தினேன். சட்டைத் துணிக்குக் கம்பளியின் பலம் ஏது? மூன்றும் சேர்ந்து சட்டையை இடது பக்கமாக இழுத்துத் தொங்கின. அம்மா ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையைக் கத்தரித்து உள்பக்கம் வைத்துக் கொடுத்தாள். அத்தை கல்யாணப் பத்திரிகைதான். அதைச் சேர்த்துக் குத்தினேன். மூன்றாவதை ஒரு விரல் கீழே குத்தினேன்.

சங்கத் தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை. பட்டாளத்தில் இருபது வருஷம் கிடங்கில் போர்வை அடுக்கியவர். பத்து விரலும் பத்திரம். கோட்டும் பத்திரம்.

"இன்னா மெசியே இது? கோட்டு எங்க?"

"கோட்டு இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல."

"பிரான்ஸ்லேர்ந்து பெரிய ஆளுங்கல்லாம் வந்து ஒக்காந்திருக்காங்க. நீ இன்னாடான்னா பனியன் தெரியற சட்டையில மெதாய் குத்திகினு வந்து நிக்கற! இதுல கொடி வேறயா? தள்ளு, தள்ளு. வரிசைய வுட்டு வெளிய வா."

பெரியப்பா கொடிக்கு நீட்டிய கை அப்படியே இருந்தது. அந்தக் கையில் மூன்று விரல் எங்கே என்று அந்தப் போர்வை அடுக்கி கேட்கவில்லை. கோட்டு எங்கே என்றுதான் கேட்டான். இத்தனை வருஷத்தில் அவனுக்கு மரியாதை கொடுத்து எழுதிப் பார்த்திருக்கிறேன். வரவில்லை. கொடி வேறொருவர் கைக்குப் போயிற்று. கோட்டில் பொத்தான் அறுந்தவர்தான், ஆனாலும் கோட்டு.

கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்கள் இருந்தார்கள். பெரியப்பாவின் கோட்டில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் அதற்குள் சொந்தக் கோட்டுக்கு முன்னேறி அதைப் போட்டுக்கொண்டும் நின்றார்கள். கழற்றி நீட்ட எத்தனை நேரம் ஆகும்? இரண்டு கையை உருவுகிற நேரம். ஒருவரும் உருவவில்லை. ஒருவர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம், "வயசாயிட்டுது பாவம், மறந்துட்டு வந்துட்டாரு" என்றார். அப்பா கடலைப் பார்த்தார். கடலில் அன்று பார்க்கும்படி ஒன்றுமில்லை.

இதற்குள் தொண்டர் ஒருவர் கூட்டத்துக்குள் வந்து, "கோட்டு சார், நீங்க முன்னால வாங்க" என்று மாமாவைக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். ஒன்றும் தெரியாத மாமா அங்கிருந்து திரும்பிக் கையாட்டினார்: "மச்சான்! இங்க வாங்க, எடம் இருக்குது!" பெரியப்பா ஓரடி வைத்தார். தொண்டர் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "பெரியவரே, அந்தப் பக்கம்" என்றார்.

பெரியப்பாவின் கோட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. பெரியப்பா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். அந்தக் கோட்டுக்கும் எனக்கும் பத்தடி தூரம். பிறந்ததிலிருந்து நான் வாயை மூடியிருந்த நேரத்தைச் சேர்த்தால் ஒரு மணி தேறாது என்பார் என் கணவர். அந்த ஒரு மணி அன்றைக்குத்தான். இளஞ்சிவப்பு கவுன் போட்டிருந்தேன். நான்கு அடுக்குச் சுருக்கும் கடற்காற்றில் எழும்பி எழும்பி விழுந்தது.

வாத்தியம் முழங்கியபோது பெரியப்பா நிமிர்ந்து நின்று இரண்டு விரலை நெற்றியில் வைத்தார். முடிந்ததும் என் பக்கம் குனிந்து, "கழட்டு" என்றார். மூன்றையும் கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டேன். வருஷா வருஷம் போலவே "மெர்சி" என்று நன்றி சொன்னார். பிறகு, "வா, கொழாய்ல தண்ணி வர்ற நேரம்" என்று நடந்தார்.

வீட்டில் அப்பாவின் கதைதான் நிலைத்தது. அண்ணனுக்கு மறதி, கோட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பதினாலாம் தேதியை மறந்துவிட்டார். விருந்தாளிகள் வந்தால் இதை நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பார். நகைச்சுவை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பெரியப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அத்தை வரும்போது மட்டும் அந்தக் கதை நடக்காது. அத்தை வந்தால் பெரியப்பாவுக்கு முதலில் சோறு போடுவாள், அவர் சாப்பிட்டு எழும் வரை பக்கத்தில் நிற்பாள்.

தெருவும் மெல்ல விலகியது. கோட்டில்லாத சொல்தாவை ஆபீசுக்குக் கூட்டிப்போய் என்ன பயன்? தெரு விளக்குக்காக ஒருமுறை தானாகவே கூடப் போனார். கடைநிலை ஊழியர் ஒருவர், "தாத்தா, வெளிய ஒக்காருங்க" என்றாராம். அதற்குப் பிறகு போகவில்லை. வேறு கோட்டுத் தைத்துக்கொள்ளவும் இல்லை. புதுக் கோட்டு ஒன்று வந்தால் பழையது எங்கே என்று யாராவது கேட்பார்கள், பதில் முத்தியால்பேட்டைக்குப் போய்ச்சேரும். விசிலை மட்டும் சாகும்வரை ஊதினார்.

நான் கல்லூரியில் இருந்தபோது போனார். அப்பா பெட்டியில் படுக்கவைக்கக் கோட்டுத் தைத்தார். ஆமாம், தைத்தார். கருநீலம், அளவெடுத்து, ஒரே நாளில். உயிரோடு இருந்த ஆளுக்குக் கிடைக்காத கோட்டு. தலைவன் வந்தான், அதே கொடியைப் பெட்டி மேல் போர்த்தினான். இப்போது கோட்டு இருக்கிறதல்லவா, தகுதி வந்துவிட்டது. "மெதாயக் குத்தும்மா" என்று அப்பா என்னிடம் நீட்டினார். கையை ஓங்கி அவர் கையிலிருந்து அவற்றைத் தட்டிவிட வேண்டும் என்று இருந்தது. செய்யவில்லை. புதுத் துணி, ஓட்டையே இல்லை. குத்தினேன். மூன்றாவதை ஒரு விரல் கீழே.

கல்லறையிலிருந்து திரும்பும்போது மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, "அது கக்கத்துல புடிச்சுகினே இருந்துதும்மா. அன்னிக்கு ஒரு நாள் பீச்சுக்குப் போட்டதுதான். அப்புறம் எங்கம்மா அதப் பிரிச்சுப் பையனுக்கு டவுசர் தச்சுட்டாங்க" என்றார்.

ஒரே ஒரு காலை. அதற்குத்தான் அத்தனையும்.

அதனால்தான் நாற்பது வருஷத்துக்கு மேலாக எந்த வீட்டுக்குப் போனாலும் பழைய கல்யாணப் படங்களின் நெஞ்சைப் பார்க்கிறேன். லாஸ்பேட்டைப் படத்தில் ஆறு வெள்ளைப் புள்ளி இருந்தது. சத்தியமாக இருந்தது. கடைசி இரண்டு கொஞ்சம் கீழே. பெண்ணின் அப்பாவைப் பார்த்தால் அன்று கூட்டத்தில் நின்றவர்களின் வயது. "அவரு கோட்டப் போட்டுகினு கல்யாணம் பண்ணிக்கத் தெரிஞ்சுதில்ல? அன்னிக்கு பீச்சுல உங்க கோட்டக் கழட்டிக் குடுத்தா இன்னா கொறஞ்சிருக்கும்?" என்று நாற்காலி மேல் நின்றபடியே கேட்டேன். பாதியை அழுதுகொண்டு கேட்டேன்.

அவர் பொறுமைசாலி. என்னைக் கைகொடுத்து இறக்கினார். படத்தைச் சட்டத்திலிருந்து உருவி, பின்பக்கம் திருப்பிக் காட்டினார். அட்டையிலும் அதே ஆறு ஓட்டை.

"ராமபாணப் பூச்சி அரிச்சதும்மா" என்றார். "எங்க கல்யாணம் கடலூர்ல. கோட்டு என் மாமனார் தச்சது. நான் பாண்டிச்சேரிக்கு வந்தே இருபது வருஷந்தான் ஆவுது."

மன்னிப்புக் கேட்டேன். அது போதாது என்று தோன்றியதால், இப்போது உங்களுக்குச் சொன்னதை எல்லாம், கவுன் உட்பட, அவர்களுக்கும் உட்கார்ந்து சொன்னேன். கேசரி ஆறியது. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் நான் தலைவனைத் திட்டினேன், தெருவைத் திட்டினேன், அப்பாவைத் திட்டினேன், பத்து வயதுப் பெண் ஒருத்தியைத் திட்டினேன். கணவர் பள்ளம் பார்த்து ஓட்டினார். சிக்னலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, பாதி திரும்பிக் கேட்டார்:

"எல்லாஞ் சரி. உனக்குக் காபி குடுத்துதே, அதுதான் பொண்ணு. மூஞ்சியப் பாத்தியா?"